தோல்வி அதிகமுள்ள பிட்சர் எப்படி மேலவைக்குப் போனாரு?

சிப்புட் வாத்தியார்:
எங்க இடைநிலைப்பள்ளி சாப்ட்பால் பிள்ளைங்ககிட்ட ஜப்பான் பேஸ்பால் பிட்சர் (பந்து வீசறவரு) எமோட்டோ தாகெனோரியைப் பத்திச் சொன்னேன். 113 வெற்றி, 126 தோல்வி. 1992ல மேலவை உறுப்பினர். "தோத்தவரையா சார் சீட்ல உக்கார வெச்சாங்க?"ன்னு ஒரு பொண்ணு கேட்டுட்டா. நம்ம மலேசிய மேலவை டேவான் நெகாரா மாதிரி நியமனமா? ஜப்பான் பேக்டரியில இருந்த அண்ணன்மார் யாராச்சும் சொல்லுங்க.

பழைய டெக்னீசியன்:
நியமனம் இல்ல வாத்தியாரே. அங்க மேலவைக்கும் ஓட்டுதான், தவணை ஆறு வருசம். ஆனா அன்னைக்கு விகிதாசாரப் பட்டியல்ல ஆள் பேருக்கு ஓட்டு கிடையாது, கட்சிக்குத்தான். கட்சி, மல்யுத்த வீரர் இனோக்கி ஆரம்பிச்சது. 1976ல தோக்கியோவுல முகமது அலியோட மோதினாரே, அவரேதான். அதுக்கு முந்தின வருசம் அலி மெர்டேக்கா ஸ்டேடியத்துல பக்னரோட குத்துச்சண்டை போட்டாரு. அதனால உங்க தோட்டத்துப் பெரியவங்களுக்கு இனோக்கி பேரு ஞாபகம் இருந்தாலும் இருக்கும். 1992 தேர்தல்ல அந்தக் கட்சிக்குக் கெடச்ச ஒரே சீட்டுல போனவருதான் எமோட்டோ.

126ஐப் பார்த்து அந்தப் பொண்ணு ஏமாற வேணாம். மேனேஜர் நம்பிப் பந்தைக் குடுத்துக்கிட்டே இருந்தாத்தான் அத்தனை ஆட்டம் தோக்கவே முடியும். 1971ல தோயே டீம்ல ஒரு வெற்றிகூட இல்ல. மறுவருசம் நன்காய் டீமுக்குப் போனாரு. அங்க மேனேஜரும் கேட்சரும் (பிட்சர் வீசற பந்தைப் பிடிக்கிறவரு) ஒரே ஆளு, நோமுரா. 16 வெற்றி! 1976ல ஹன்ஷின் டீமுக்கு மாத்திட்டாங்க.

எங்க சூப்பர்வைசர் ஹன்ஷின் பைத்தியம். சாப்பாட்டு நேரத்துல 1981 கதையை ஆரம்பிச்சா ஷிப்டு மணி அடிச்சாலும் எழுந்திரிக்க மாட்டாரு. ஆகஸ்ட்ல, யாகுல்ட் டீமோட ஆட்டம். வெளிய எடுத்ததும் கடுப்புல போன எமோட்டோ, "பெஞ்சு (அதாவது மேனேஜர் தரப்பு) முட்டாளா இருந்தா எப்படி ஆடறது"ன்னு சொன்னதா மறுநாள் பேப்பர்ல வந்திருச்சு.

லயத்து மகேன்:
தோட்டத்து மேற்பார்வை மண்டோரை இப்படிச் சொல்லியிருந்தா அன்னைக்கே சீட்டு கிழிஞ்சிருக்கும் லா!

பழைய டெக்னீசியன்:
அங்க மட்டும் என்னவாம்? தண்டனை குடுத்தாங்க, இவரு ஆட்டத்தையே விட்டுட்டாரு. வயசு 34. மறுவருசமே ஒரு புஸ்தகம் எழுதினாரு, லட்சக்கணக்குல வித்துச்சு. பந்தை விட வாய்தான் அவருக்குச் சோறு போட்டுச்சுன்னு சூப்பர்வைசர் சொல்வாரு. எனக்கு அதுல முழுசா உடன்பாடு இல்ல. 113 வெற்றி சும்மாவா வரும்?

சிப்புட் வாத்தியார்:
நன்றிண்ணே. ஒரு தவணையோட சரியா?

பழைய டெக்னீசியன்:
இல்ல, 1998ல ஜனநாயகக் கட்சியில நின்னு மறுபடி ஜெயிச்சாரு. 2004ல சீட்டை விட்டுட்டு ஒசாகா கவர்னருக்குப் போட்டி போட்டாரு. பதவியில இருந்த ஓத்தா புசாயே அம்மாகிட்ட தோல்வி.

உங்க பிள்ளைங்ககிட்ட பால்க் பத்தியும் சொல்லுங்க. பேஸ்ல (ஓடறவங்க நிக்கற இடம்) எதிர் டீம் ரன்னர் நிக்கறப்ப, பிட்சர் வீசற மாதிரி ஆரம்பிச்சிட்டு நிறுத்துறது. ரன்னருக்கு இனாமா ஒரு பேஸ் போயிரும். எமோட்டோ 24 தடவை மாட்டியிருக்காரு, அது ஜப்பான் ரெக்கார்டு. சாப்ட்பால்ல சட்டம் கொஞ்சம் வேற, அதை உங்க கோச்சுகிட்ட கேட்டுக்குங்க.