புதுப்பிப்பு: மிஸ்கிக் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் வந்தேன்

இறந்த உறவினரை நினைவுகூரும் மெக்சிகோவின் இறந்தோர் நாளில் வெளியாள் ஒருவர் அங்குள்ள கல்லறைக்குள் போகலாமா, படம் எடுக்கலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். போய் வந்துவிட்டேன். மெக்சிகோ நகரின் தென்கிழக்கே உள்ள சான் ஆந்த்ரேஸ் மிஸ்கிக் என்ற ஊர்.

நவம்பர் 2 மாலை, தேவாலயத்தை ஒட்டிய கல்லறைகளில் மெழுகுவத்தி ஏற்றினார்கள். கொபால் பிசின் புகை நம் சாம்பிராணியை நினைவூட்டியது. கல்லறைகளை மூடியிருந்த செம்பசூச்சில் பூ நம் துலுக்கச் சாமந்தியேதான். அதன் பூர்வீகமே மெக்சிகோ!

படம் எடுக்கலாமா என்று ஒரு பாட்டியிடம் கேட்டேன். முதலில் உட்காரச் சொன்னார். கணவரைப் பற்றி வெகுநேரம் பேசினார், பான் தே முவெர்த்தோ ரொட்டியைப் பிட்டுக் கொடுத்தார். அப்புறம் கேமராவைத் தொடவே தோன்றவில்லை.

போகிறவர்கள் மெழுகுவத்தி கொண்டுபோங்கள். விளக்கில்லாத கல்லறைகளும் சில இருந்தன.