புதுப்பிப்பு: மகள் தலையில் பேன், இப்போது நிலவரம்

மகள் தலையில் பேன், மருந்து போட்டும் மறுபடி வருகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். என்ன ஆச்சு என்று சிலர் கேட்டதால் இது.

பெர்மெத்ரின் 1% லோஷன் பேனைக் கொல்லும், ஈரை முழுதாகக் கொல்லாது என்றார் மருத்துவர். ஈர் பொரிய 7 முதல் 10 நாள் ஆகும். அதனால் 9ஆம் நாள் மறுபடி போடச் சொன்னார். போட்டோம்.

ஆனால் பெரும்பாதி வேலையைச் செய்தது பேன் சீப்புதான் என்பது என் கட்சி. ஈரத்தலையில் கண்டிஷனரைத் தாராளமாகத் தடவி, சிறு சிறு வகிடாகப் பிரித்து, சீப்பை மண்டையில் படும்படி வைத்து நுனிவரை இழுக்க வேண்டும். ஒவ்வொரு இழுப்புக்கும் வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்த்தால், எள்ளளவில் பழுப்பாக ஒன்று காலை அசைத்துக்கொண்டிருக்கும். காதுக்குப் பின்னாலும் பிடரியிலும்தான் கூட்டம் அதிகம். பொடுகு தட்டினால் உதிரும். ஈர் முடியோடு ஒட்டிக்கொண்டு அசையாது, நகத்தால் உருவ வேண்டும். (அவள் அசையாமல் உட்கார்ந்தது கார்ட்டூன் உபயம்.)

மண்ணெண்ணெய் தடவச் சொன்னவர்களுக்கு: அக்கறைக்கு நன்றி, ஆனால் தீப்பிடிக்கும் பொருளைக் குழந்தை தலையில் வைக்க மாட்டேன். வீடு முழுக்க மருந்தடிக்கவும் இல்லை. தலையை விட்டு விழுந்த பேன் ஓரிரு நாளில் செத்துவிடும். தலையணை உறைகளை வெந்நீரில் துவைத்ததோடு சரி.

அப்புறம், வீட்டில் எல்லோர் தலையையும் பார்த்ததில் என் தலையிலும் இருந்தது! இப்போது இருவர் தலையும் சுத்தம். வாரம் ஒருமுறை சீவிப் பார்த்துக்கொள்கிறோம்.