ஐயோ என்று வாய்விட்டு அழ முடியாத இரவு

தேயிலைச்சாரல், கூடலூர்

புத்தகத்தில் படித்த சாவும் வீட்டில் பார்த்த சாவும் உங்களுக்கு எப்போதாவது ஒன்றாகத் தெரிந்திருக்கிறதா? எனக்கு ஒரே ஒரு முறை. அதை எழுதிவிட்டு உங்களிடமும் கேட்கிறேன்.

என் அம்மாவின் அப்பா இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்தவர். 1964-ல் இரண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டு 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று எழுதினார்களே, அந்தக் கணக்கில் அவரும் ஒரு தலை. தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, கடைசியில் கூடலூர் மலையில் அதே கொழுந்து, தேயிலைச் செடியை வெட்டிவிடுகிற அதே கவ்வாத்து, வரிசையாகக் கட்டிய அதே லைன் வீடு. கவ்வாத்துக் கத்தி பிடித்துப் பிடித்து வலது உள்ளங்கையில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குக் காய்த்துப் போயிருக்கும்.

அவர் இறந்தது ஒரு ஆடி மாதம். ராத்திரி பத்து மணி இருக்கும். மூன்று நாளாக விடாத மழை, கரண்ட் இல்லை. லைனுக்குப் பின்னால் ஒரு பலாமரம், பழம் பழுத்து விழுகிற காலம். அந்த வாசனைக்கு யானை வரும் என்பது எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அன்றைக்கும் வந்து நின்றது. எங்கள் பின்சுவருக்கும் அதற்கும் நடுவில் இருபது அடிகூட இருக்காது. கிளை ஒடிகிற சத்தம் கேட்கிறது, அது மூச்சு விடுகிற சத்தம் கேட்கிறது. உள்ளே தாத்தாவின் மூச்சு நின்றுவிட்டது.

கேத வீட்டில் முதல் சத்தம் பெண்களுடையது. அக்கம்பக்கத்துக்குச் சாவு தெரிவதே அந்தக் குரலில்தான். அம்மாயி, என் அம்மாவின் அம்மா, வாயைத் திறந்தார். பெரிய மாமா பாய்ந்து வந்து பொத்தினார். “சத்தம் போடாதம்மா, பின்னால நிக்குது.” அம்மாயி முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டார். அப்புறம் வேலையில் இறங்கிவிட்டார். தாத்தாவின் தாடையை மேலே தள்ளி, பழைய வேட்டியைக் கிழித்து நாடிக்கட்டு போட்டார். கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்ட நூல் தேடினார், இருட்டில் கிடைக்கவில்லை. சுவரில் தொங்கிய தன் படங்குச் சாக்கிலிருந்து கயிற்றை உருவிக் கட்டினார். கொழுந்தெடுக்கப் போகும்போது சேலை நனையாமல் இடுப்பில் சுற்றிக்கொள்கிற சாக்கு அது. கட்டி முடித்து, அந்தக் காய்த்த கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு ஒப்பாரி சொன்னார். குரலே இல்லை, வெறும் காற்று. துணிக்குப் பின்னால் உதடு அசைவது மட்டும் சிம்னி விளக்கு வெளிச்சத்தில் தெரிந்தது. நாங்கள் ஏழு பேர் சுற்றி உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதோம். விடியும்வரை யானை நகரவில்லை. எனக்குப் பன்னிரண்டு வயது.

கோவையில் கல்லூரிக்குப் போனபோது புறநானூறு 255 பாடமாக வந்தது. வன்பரணர் பாட்டு. காட்டு வழியில் கணவன் செத்துக் கிடக்கிறான், பக்கத்தில் அவள் மட்டும்.

*ஐயோ எனின்யான் புலிஅஞ் சுவலே*

ஐயோ என்று அழுதால் புலி வந்துவிடுமோ என்று பயம். தூக்கிக்கொண்டு போகலாம் என்றால் அகன்ற மார்பு, அவளால் முடியாது. திணை பொதுவியல், துறை முதுபாலை என்று வகுப்பே எழுதிக்கொண்டிருந்தது. எனக்குக் கை ஓடவில்லை. அவள் கூற்றுவனை ஏசுகிறாள், என்னைப்போல் நீயும் நடுங்கு என்று. ஏசிவிட்டுச் செத்தவன் பக்கம் திரும்பிச் சொல்கிறாள்:

*நிரைவளை முன்கை பற்றி*
*வரைநிழல் சேர்கம் நடத்திசின் சிறிதே*

என் கையைப் பிடித்துக்கொள், மலை நிழலுக்குப் போய்விடலாம், கொஞ்சம் நட. செத்தவனைப் போய் நடக்கச் சொல்கிறாளே என்று பக்கத்தில் இருந்த தோழி கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. எனக்கு அன்றைய விடியற்காலை கண்ணுக்குள் வந்துவிட்டது. யானை போனதும் பாடையைத் தூக்கினார்கள். தோட்டத்துச் சுடுகாட்டுக்குப் போகிற இறக்கம் முழுக்கச் செம்மண் சேறு. வாசல்வரை வந்த அம்மாயி, “பாத்துப் போங்க, வழுக்கும்” என்றார். தூக்கியவர்களுக்குச் சொல்கிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் தூக்கிய நான்கு பேரும் அவர் பெற்ற பிள்ளைகளும் தம்பி மகன்களும். அவர்களை அவர் வாடா போடா என்றுதான் கூப்பிடுவார். அந்த லைனில் அவர் ‘போங்க’ என்று சொல்கிற ஆள் ஒருவர்தான் இருந்தார்.

சினிமாவில் சாகிறவர் பேசுகிறார், பாதி நேரம் அவர் பேச்சுத்தான். கதைகளிலும் அந்தக் கடைசி வார்த்தைக்குத்தான் மரியாதை. பக்கத்தில் இருந்தவளுக்கு என்ன பயம், அவள் எதை எடுத்து எதைக் கட்டினாள் என்று பார்த்து எழுதியவர்கள் எனக்கு நெருக்கமாகிவிட்டார்கள். வன்பரணர் அப்படி ஒருவர். உங்கள் வீட்டில் எப்படி?

ஹட்டிக்காரன், கோத்தகிரி

படித்துவிட்டு வெகுநேரம் சும்மா இருந்தேன். நீலகிரியில் எங்கள் படகர் சமூகத்துச் சாவில் நடப்பதைச் சொல்கிறேன்.

சாகக் கிடப்பவர் வாயில் நெய்யில் தோய்த்த சின்னத் தங்கக் காசு வைப்பது பழைய வழக்கம். வீரராய ஹணா என்போம். அடக்கத்துக்கு முன் பெரியவர் ஒருவர் உடலுக்கு அருகில் நின்று கரு ஹரச்சோது சொல்வார். செத்தவருடைய பாவங்களை வரிசையாகச் சொல்லி இறக்கி வைப்பது. பாம்பைக் கொன்றது பாவம், பல்லியைக் கொன்றது பாவம், தவளையைக் கொன்றது பாவம், எல்லைக்கல்லை நகர்த்தியது பாவம். ஒவ்வொன்றுக்கும் கூட்டம் ‘பாவம்’ என்று சேர்ந்து சொல்ல வேண்டும். 1300 பாவம் என்று கணக்கு. அத்தனையும் ஒரு கன்றின்மேல் ஏற்றி அவிழ்த்து விடுவார்கள், அந்தக் கன்றை அப்புறம் யாரும் வேலைக்குப் பிடிப்பதில்லை. தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909-ல் எட்கர் தர்ஸ்டன் வெளியிட்ட தொகுப்பில் இதன் ஆங்கில வடிவம் இருக்கிறது. நூலகத்தில் உட்கார்ந்து படித்தபோது எனக்கு அது ஒரு பட்டியலாகத்தான் தெரிந்தது.

அப்பா இறந்தபோது கன்று கிடையாது, சொல் மட்டும் இருந்தது. அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் கிழங்குக் காட்டு வரப்பில் பதினெட்டு வருஷத் தகராறு. யார் கல்லை நகர்த்தினார்கள் என்று ஹட்டியில், அதாவது எங்கள் ஊரில், ஆளுக்கொரு பேச்சு. சித்தப்பா சாவுக்கு வந்தார், கூட்டத்தின் கடைசியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நின்றார். பெரியவர் பாம்பு, பல்லி, தவளை எல்லாம் சொல்லி எல்லைக்கல்லுக்கு வந்தார். கூட்டம் ‘பாவம்’ என்றது. சித்தப்பாவுக்கு வாய் வரவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார், கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தனியாக ஒரு முறை ‘பாவம்’ என்றார். அது அப்பாவுடைய பாவம் என்று சொன்னாரா, தன்னுடையது என்று சொன்னாரா, நான் இன்றுவரை கேட்கவில்லை. பெரியவர் அவர் முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போனார்.

வேறு எந்த இலக்கியத்திலும் செத்தவனை இப்படி ஊர் நடுவில் வைத்துக் குற்றமும் சொல்லி, அதே மூச்சில் விடுதலையும் கொடுப்பதை நான் பார்த்ததில்லை. ‘நல்ல மனுஷன்’ என்று ஒரே வார்த்தையில் முடித்து அனுப்புவதைவிட இது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

காப்பித்தோட்டம், தாண்டிக்குடி

எங்கள் மலையில் பாறைப் பலகைகளை நிறுத்தி மேலே ஒரு பலகை மூடிய கல்லறைகள் நிறைய உண்டு. ஊரில் குள்ளர் வீடு என்பார்கள். சின்ன வயதில் மழைக்கு அதற்குள்தான் ஒதுங்குவோம், பொரிகடலை தின்போம். செத்தவர்களுக்குக் கட்டியது என்று யாரும் சொல்லித்தரவில்லை. கொடைக்கானல் பக்கம் செண்பகனூரில் இருந்த ஆங்கிலேட் பாதிரியார் இவற்றை ஆராய்ந்து எழுதியது 1928-லேயே புத்தகமாக வந்திருக்கிறது. அதைத் தெரிந்துகொண்ட பிறகு உள்ளே நுழையக் கால் கூசுகிறது. ஆனாலும் அந்த வயதில் அங்கே பயமில்லாமல் இருந்ததைத்தான் பெரிதாக நினைக்கிறேன்.

தேயிலைச்சாரல் சொன்ன பாட்டுக்கு அடுத்ததே, 256, எனக்குப் பிடித்தது. பாடியவர் பெயர் கிடைக்கவில்லை. வண்டிச் சக்கரத்தின் ஆரத்தில் ஒட்டிக்கொண்டு வந்த சின்ன வெள்ளைப் பல்லி மாதிரி அவனோடு பல வழி கடந்து வந்தேன், குயவரே, அவனைப் புதைக்கச் செய்கிற தாழியை எனக்கும் சேர்த்து அகலமாகச் செய் என்கிறாள். அப்பாவுக்குக் குழி வெட்டும்போது அம்மாவும் இப்படித்தான் பக்கத்தில் இடம் விடச் சொல்வார் என்று நினைத்து, நானே வெட்டியானிடம் சொல்லிவிட்டேன். அம்மா கேட்டுவிட்டுச் சொன்னார்: “எனக்கு இங்க வேணாம்யா. நாப்பது வருஷம் இந்தக் குளிருல நடுங்கியாச்சு. என்னைக் கீழ கொண்டு போயிரு.” வத்தலக்குண்டில் பிறந்தவர். கோபமாகச் சொல்லவில்லை, அப்பாமேல் பாசம் இல்லாமலும் இல்லை. பாட்டில் வருகிற மனைவியை என் அம்மாமேல் நான் போர்த்தப் பார்த்திருக்கிறேன்.

ஒரு தை மாதம் அம்மா போனார். பட்டிவீரன்பட்டி வழியாகக் கீழே இறங்கினோம். கொண்டை ஊசி ஒவ்வொன்றாகக் கழியக் கழிய பனி விலகி, கண்ணாடியில் வெயில் வந்தது. டிரைவரிடம் ஜன்னலை இறக்கச் சொன்னேன்.

இரவுப்பணி, குன்னூர்

நான் நர்ஸ். சுருக்கமாக ஒன்று. மூச்சு நின்ற ஐந்தாவது நிமிஷத்தில் பெயர் போய்விடும். ‘பாடி எப்ப குடுப்பீங்க?’ என்று பெற்ற மகனே கேட்பார். அவர்மேல் தப்பில்லை, எங்கள் படிவத்தில் இருக்கிற வார்த்தை அது, எங்களிடம் பழகியது. திருமந்திரத்தில் ‘பேரினை நீக்கிப் பிணமென்று பேரிட்டு’ என்று வருவதைப் பள்ளியில் மனப்பாடம் செய்தபோது வைராக்கியம் சொல்கிறார் என்று நினைத்தேன். வார்டில் பத்து வருஷம் நின்ற பிறகு, திருமூலர் நடந்ததை நடந்தபடி பார்த்திருக்கிறார் என்று தெரிகிறது. நான் துடைக்கும்போது பெயர் சொல்லித்தான் துடைப்பேன். “ஐயா, கையைத் தூக்கறேன். ஐயா, திரும்பிக்கலாமா.” புதிதாக வந்த பிள்ளைகள் முதலில் திகைத்துப் பார்ப்பார்கள். பிறகு அவர்களும் அப்படியே பேசத் தொடங்கிவிடுவார்கள்.

தேயிலைச்சாரல், உங்கள் அம்மாயி அன்றைக்கு என்ன சொல்லி அழுதார், தெரியுமா?

தேயிலைச்சாரல், கூடலூர்

முழுதும் தெரியாது. நான் வேலைக்குப் போன பிறகு, ஒரு சித்திரை மாதம் லீவில் வந்தபோது கேட்டேன். பட்டப்பகல், திண்ணையில் வெயில், பலாமரத்தில் காய் இன்னும் பிஞ்சு. அடுத்த வீட்டுக்காரர்களும் வந்து உட்கார்ந்தார்கள். இப்போது சத்தமாகவே பாடலாம் அம்மாயி, ஒன்றும் வராது என்றேன்.

“கடல் தாண்டிக் கூட்டியாந்த ராசா, கதவு தாண்டிப் போறீகளே” என்பது மட்டும் எனக்குப் பிடிபட்டது. மற்றதெல்லாம் துணிக்குள் போய்விட்டது. தானாகவே முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டுதான் பாடினார்.