"மார்க்கர்" என்பதற்கு "அட்டைச் சான்றாளர்": ஒரு முன்மொழிவு

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

அமெச்சூர் (தொழில்முறை அல்லாத) கோல்ஃப் போட்டிகளுக்காக நாம் தமிழில் எழுதிவரும் விதிக் கையேட்டின் சொற்பட்டியலில் "மார்க்கர்" (ஓர் ஆட்டக்காரரின் அடிகளை அட்டையில் எழுதிச் சான்றளிப்பவர்) என்பதற்கு நேராக "மதிப்பெண் குறிப்பாளர்" என்று இடப்பட்டிருக்கிறது. இதை மாற்றியே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மாற்றாக "ஆட்டக் கண்காணிப்பாளர்", "துணை நடுவர்", "கரியாளர்", "அடிச்சான்றாளர்", "உடன்சான்றாளர்" ஆகிய சொற்கள் இங்கே முன்வைக்கப்பட்டுள்ளன; அவற்றையும் கீழே பார்க்கிறேன். பங்கர் (மணற்பள்ளம்), கிரீன் (குழியைச் சுற்றிய மழித்த புல்தரை), கேடி (மட்டைப்பையைச் சுமந்து உதவுபவர்) போன்ற சொற்களை அப்படியே ஒலிபெயர்த்து வைத்தாலும் ஆட்டக்காரருக்கு எந்த இழப்பும் இல்லை. மார்க்கர் அப்படியன்று. அவர் யார், அவருடைய கடமை எது, எது அவருடைய அதிகாரத்துக்கு அப்பாற்பட்டது என்பதைத் தவறாகப் புரிந்துகொண்ட ஒருவர் போட்டியிலிருந்தே தகுதிநீக்கம் பெறக்கூடும். ஆகவே, இந்தச் சொல்லை முடிவுசெய்யும் முன் அந்தப் பொறுப்பின் முழு அளவையும் ஒருமுறை பார்த்துவிடுவோம்.

மொத்த அடிகளை எண்ணி வெற்றியாளரை முடிவுசெய்யும் அடிக்கணக்கு ஆட்டத்தில்தான் மார்க்கர் என்பவர் இருக்கிறார். குழிக்குக் குழி வெற்றி தோல்வியைக் கணக்கிடும் நேரெதிர் ஆட்டத்தில் எதிராளியே எல்லாவற்றையும் கண்காணித்துக்கொள்வதால் அங்கே இவருக்கு வேலை இல்லை. அடிக்கணக்கு ஆட்டத்திலோ ஒருவருடன் மைதானத்தில் இருப்பவர்கள் இரண்டு மூன்று பேர்தாம். அவருடைய உண்மையான போட்டியாளர்களில் பெரும்பாலோர் வேறு குழுக்களில், வேறு குழிகளில் ஆடிக்கொண்டிருப்பார்கள். அவர் எத்தனை அடி அடித்தார் என்பதை அவர்களால் பார்க்க முடியாது. அவர்கள் எல்லோருடைய சார்பிலும் உடன் நின்று பார்ப்பவரே மார்க்கர். கோல்ஃப் விதிநூலின் 3.3 ஆம் விதி இந்தப் பொறுப்பை விரிவாகவே சொல்கிறது: ஒவ்வொரு குழி முடிந்ததும் ஆட்டக்காரரிடம் கேட்டு, அபராத அடிகளையும் சேர்த்து அந்தக் குழிக்கான எண்ணிக்கையை அட்டையில் எழுத வேண்டும், சுற்று முடிந்ததும் அந்த எண்ணிக்கைகள் சரியானவை என்று சான்றளிக்க வேண்டும். ஓர் ஆட்டக்காரர் இன்னொருவருக்கு மார்க்கராக இருந்து, தவறு என்று தெரிந்தே ஒரு குழியின் எண்ணிக்கைக்குச் சான்றளித்தால், சான்றளித்தவரே தகுதிநீக்கம் செய்யப்படுவார். எழுதுவது எளிய வேலை. சான்றளிப்பதில்தான் இந்தப் பொறுப்பின் கனம் முழுவதும் இருக்கிறது. "குறிப்பாளர்" என்ற சொல் எளிய பாதியை மட்டும் சொல்லிவிட்டுக் கனமான பாதியை விட்டுவிடுகிறது.

"மதிப்பெண்" என்ற முன்சொல்லும் பொருந்தவில்லை. தமிழில் மதிப்பெண் என்பது ஈட்டப்படுவது. கூடக் கூடப் பெருமை தருவது. கோல்ஃபில் குறைந்த எண்ணிக்கை பெற்றவரே வெல்கிறார். ஒவ்வொரு குழியிலும் அடித்த அடிகளுக்கேற்பப் புள்ளி தரும் ஸ்டேபிள்ஃபோர்டு முறையில் வேண்டுமானால் புள்ளிகள் ஈட்டப்படுகின்றன. ஆனால் அங்கேயும் மார்க்கர் எழுதுவது அடிகளின் எண்ணிக்கையையே, புள்ளிகளாக மாற்றுவது போட்டிக் குழுவின் வேலை. எனவே "அடிக்கணக்கு" என்ற சொல்லையே எல்லா இடங்களிலும் ஆள வேண்டும் என்று முன்னர் ஒருவர் இங்கே எழுதியதை முழுமனத்துடன் ஆதரிக்கிறேன்.

அடுத்து, "ஆட்டக் கண்காணிப்பாளர்" என்ற முன்மொழிவு. இதை வலியுறுத்திய நண்பரின் அக்கறை எனக்குப் புரிகிறது: போட்டியில் நேர்மை காக்கப்பட வேண்டும், அதற்கு ஒரு கண் தேவை என்கிறார். ஆனால் கோல்ஃப் விதிகள் போகும் திசை இதற்கு நேர்மாறானது. 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த பெரிய திருத்தத்தில் விதிகளின் எண்ணிக்கை 34-இலிருந்து 24 ஆகக் குறைக்கப்பட்டது பலருக்கும் தெரியும். அதே திருத்தத்தில் நடந்த, அதிகம் பேசப்படாத ஒரு மாற்றமே இந்த விவாதத்துக்கு முக்கியமானது. தன் பந்துதானா என்று அறிய அதை எடுத்துப் பார்க்க விரும்பும் ஆட்டக்காரர், அதற்கு முன்பெல்லாம் மார்க்கருக்கோ மற்றோர் ஆட்டக்காரருக்கோ அறிவித்து, அவர் உடனிருந்து பார்க்க வாய்ப்பளிக்க வேண்டியிருந்தது. இன்று அந்த அறிவிப்பு தேவையில்லை. பந்து கிடந்த இடத்தைக் குறியிட்டு, தேவையான அளவுக்கு மேல் துடைக்காமல், அதே இடத்தில் வைத்தால் போதும். ஆட்டக்காரர் நேர்மையானவர் என்பதை அடிப்படையாகக் கொண்டே விதிநூல் திருத்தி எழுதப்பட்டிருக்கிறது. விதிகளைத் தனக்குத்தானே செயற்படுத்திக்கொள்ளும் பொறுப்பு ஒவ்வோர் ஆட்டக்காரரையும் சேர்ந்தது என்று 1.3 ஆம் விதி சொல்கிறது. அப்படியிருக்க, மார்க்கரைக் காவல் பணியில் நிறுத்தும் சொல்லைக் கையேட்டில் வைத்தால், முதல்முறையாகப் போட்டியில் கலந்துகொள்பவர், மார்க்கர் பார்த்தால்தான் அபராதம், பார்க்காவிட்டால் இல்லை என்ற எண்ணத்தோடு மைதானத்தில் இறங்குவார்.

இந்த இடத்தில் அமெரிக்க கோல்ஃப் வீரர் பாபி ஜோன்ஸை நினைக்காமல் இருக்க முடியவில்லை. வாழ்நாள் முழுவதும் அமெச்சூராகவே ஆடியவர் அவர். 1925 அமெரிக்க ஓப்பன் போட்டியின் முதல் சுற்றில், புல் அடர்ந்த பகுதியில் அவர் அடிக்க ஆயத்தமானபோது பந்து சற்றே அசைந்தது. வேறு எவரும் அதைக் காணவில்லை. தானே முன்வந்து ஓர் அபராத அடியைச் சேர்த்துக்கொண்டார். அந்தப் போட்டியின் முடிவில் வில்லி மெக்ஃபார்லேனுடன் சமநிலையில் நின்று, பின்னர் நடந்த முடிவாட்டத்தில் தோற்றார். அந்த ஓர் அடி இல்லாமலிருந்தால் முடிவாட்டமே நடந்திருக்காது. அவரது மார்க்கரால் அந்த அசைவுக்கு எந்த வகையிலும் சாட்சி சொல்லியிருக்க முடியாது. ஆட்டக்காரர் சொன்னதைக் கேட்டு எழுதியிருக்க மட்டுமே முடியும். இந்த ஏற்பாட்டில் ஆட்டக்காரரே முதற்சாட்சி, மார்க்கர் துணைச்சாட்சி. நாம் தேர்ந்தெடுக்கும் சொல் இந்த வரிசையை மாற்றிவிடக் கூடாது.

"துணை நடுவர்" என்ற முன்மொழிவை நீண்ட விளக்கம் இல்லாமலேயே விலக்கிவிடலாம். அடிக்கணக்கு ஆட்டத்தில் ஆட்டக்காரர்கள் தமக்குள் பேசி ஒரு விதிச்சிக்கலை முடிவுசெய்துகொள்ள இயலாது. மார்க்கர் சொன்ன விளக்கம் தவறாக இருந்தால், அதை நம்பி ஆடியவருக்கு எந்தப் பாதுகாப்பும் கிடையாது. நடுவர் அருகில் இல்லாதபோது ஐயம் எழுந்தால், இரண்டு பந்துகளை ஆடி அந்தக் குழியை முடித்து, அட்டையை ஒப்படைக்கும் முன் நடந்ததைப் போட்டிக் குழுவிடம் சொல்ல வேண்டும் என்பதே விதி காட்டும் வழி. அமெச்சூர் போட்டிகளில் அனுபவம் மிக்க ஒருவர் மார்க்கராக அமைந்துவிட்டால், அவர் சொல்வதே விதி என்று மற்றவர்கள் நடந்துகொள்வது பரவலான பழக்கம். "நடுவர்" என்ற சொல் எந்த அடைமொழியோடு வந்தாலும் அந்தப் பழக்கத்துக்கு வலுச்சேர்க்கும்.

இனி, சான்று என்ற வேரிலிருந்து வரும் சொற்களைப் பார்க்கலாம். பழந்தமிழில் சாட்சிக்குக் "கரி" என்ற அழகிய சொல் உண்டு என்றும், அதிலிருந்து "கரியாளர்" என்று ஆக்கலாம் என்றும் ஒரு நண்பர் எழுதியிருந்தார். சொல்லின் தொன்மையும் சுருக்கமும் என்னையும் ஈர்க்கின்றன. ஆயினும், இன்றைய வாசகர் மனத்தில் அந்தச் சொல் அடுப்புக்கரியையே கொண்டுவரும். போட்டிக்கு வந்து நிற்பவருக்கு விளக்கக் குறிப்பு தேவைப்படும் சொல் கையேட்டுக்கு ஆகாது. "அடிச்சான்றாளர்" என்பது பொருளளவில் சரியானதே. ஆனால் "அடிக்குறிப்பு" என்ற சொல்லில் பழகிய கண், அடிச்சான்று என்பதைப் பக்கத்தின் கீழே தரப்படும் சான்று என்றுதான் முதலில் படிக்கும்.

"உடன்சான்றாளர்" என்ற சொல்லுக்கு இங்கே நல்ல ஆதரவு இருப்பதைக் கண்டேன். சொல்லின் ஓசை நன்றாக இருக்கிறது. உடனிருந்து பார்த்தவர் என்ற பொருளும் கிடைக்கிறது. என் தயக்கம் "உடன்" என்ற பகுதியைப் பற்றியது. நால்வர் ஆடும் ஃபோர்பால் முறையில் ஒரே அணியைச் சேர்ந்த இருவர் இணையாட்டக்காரர்கள். அவர்களில் ஒருவர் மற்றவருக்கு மார்க்கராக இருக்கவே கூடாது என்று விதிநூல் வரையறையிலேயே விலக்கு இருக்கிறது. "உடன்" என்பது உடன்பிறந்தார், உடனுழைப்பார் என்று ஒரே பக்கத்தில் நிற்பவரைச் சுட்டவே பெரிதும் பயன்படுவதால், விலக்கப்பட்ட அதே ஆளை இந்தச் சொல் சுட்டிவிடும் அபாயம் இருக்கிறது. மேலும், மார்க்கர் ஆட்டக்காரராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. போட்டிக் குழு நியமிக்கும், ஆடாத ஒருவரும் மார்க்கராகலாம்.

எனவே "அட்டைச் சான்றாளர்" என்ற சொல்லை முன்மொழிகிறேன். அட்டை என்பது இங்கே அடிக்கணக்கு அட்டை. இவர் சான்றளிப்பது அட்டையில் உள்ளவற்றுக்கு. ஆட்டக்காரரின் நடத்தை முழுமைக்கும் அன்று. இந்த வரையறை சொல்லிலேயே அடங்கிவிடுகிறது. அட்டையில் உள்ள எல்லாவற்றுக்கும் அவர் பொறுப்பில்லையே, குழிவாரி எண்ணிக்கைகளுக்கு மட்டும்தானே என்று ஒருவர் கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் கூட்டுத்தொகையைக் கணக்கிடுவது போட்டிக் குழுவின் பொறுப்பு. ஆட்டக்காரரின் ஹேண்டிகேப் எண்ணை (திறனுக்கேற்பக் கழிக்கப்படும் சலுகை அடிகளுக்கான எண்) அட்டையில் காட்ட வேண்டிய கடமையையும் 2023 திருத்தம் ஆட்டக்காரரிடமிருந்து எடுத்துப் போட்டிக் குழுவிடம் தந்துவிட்டது. ஆகவே இன்றைய நிலையில் அட்டையில் ஆட்டக்காரரையும் அட்டைச் சான்றாளரையும் கட்டுப்படுத்துபவை குழிவாரி எண்ணிக்கைகளும் இருவரின் சான்றொப்பங்களுமே. கைபேசிச் செயலியில் எண்ணிக்கையைப் பதியும் போட்டிகளிலும் இந்தச் சொல் நிற்கும். போட்டிக் குழு ஏற்ற மின்வடிவத்தையும் அட்டை என்றே விதிநூல் கொள்கிறது.

இந்தச் சொல்லில் எனக்குள்ள ஒரே கவலை, பொறுப்பு முழுவதையும் சான்றாளர் தலையில் சுமத்துவதாக யாரேனும் படித்துவிடக் கூடும் என்பதே. அட்டையில் உண்மையான எண்ணிக்கையைவிடக் கூடுதலாக எழுதப்பட்டு ஒப்படைக்கப்பட்டால் அந்தக் கூடுதல் எண்ணிக்கையே நிலைக்கும். குறைவாக எழுதப்பட்டால் தகுதிநீக்கம். தனக்கு அபராதம் உண்டு என்பதை அறியாமல் அதைச் சேர்க்காது விட்டவருக்கு மட்டும் ஒரு விலக்கு இருக்கிறது: அறிந்திராத அபராத அடிகள் பின்னர் சேர்க்கப்படும், தகுதிநீக்கம் இல்லை. எந்த நிலையிலும் விளைவு ஆட்டக்காரரையே சேர்கிறது. 1968 மாஸ்டர்ஸ் போட்டியில் ராபர்ட்டோ டி விசென்ஸோ 17 ஆம் குழியை மூன்று அடிகளில் முடித்தார்; மார்க்கராக இருந்த டாமி ஆரன் நான்கு என்று எழுதினார்; டி விசென்ஸோ அதைக் கவனியாமல் ஒப்பமிட்டு ஒப்படைத்தார். 65 ஆக இருக்க வேண்டிய சுற்று 66 ஆக நிலைத்தது. அதனால், வெற்றிபெற்ற பாப் கோல்பியுடன் சமநிலையில் நின்று முடிவாட்டம் ஆடும் வாய்ப்பு போயிற்று. எழுதியவர் ஒருவர், இழந்தவர் இன்னொருவர். அது தொழில்முறை ஆட்டக்காரர்களின் போட்டிதான். ஆயினும் அமெச்சூர் போட்டிக்கும் இதே விதிதான். ஆகவே சொற்பட்டியலில் "அட்டைச் சான்றாளர்" என்ற பதிவின் கீழ், "எண்ணிக்கையின் சரிமைக்கு ஆட்டக்காரரே பொறுப்பு" என்ற ஒரு வரி கட்டாயம் இடம்பெற வேண்டும்.

சொல் வாக்கியங்களில் எப்படி நடக்கிறது என்பதையும் பார்த்தேன். "ஐந்தாம் குழியின் எண்ணிக்கையில் உடன்பாடு இல்லாததால் அட்டைச் சான்றாளர் சான்றளிக்க மறுத்தார்; இருவரும் நடந்ததைப் போட்டிக் குழுவிடம் கூறினர்." "அட்டைச் சான்றாளர் எழுதிய எண்ணிக்கையை அவரது இசைவோ போட்டிக் குழுவின் ஒப்புதலோ இன்றி ஆட்டக்காரர் மாற்றக் கூடாது." இரண்டும் தடையின்றி ஓடுகின்றன. "மதிப்பெண் குறிப்பாளர் குறிக்க மறுத்தார்" என்று முதல் வாக்கியத்தை எழுதிப் பாருங்கள். மறுக்கும் உரிமை அவருக்கு எங்கிருந்து வந்தது என்பது விளங்காது. சான்றளிக்க மறுப்பது விதிக்கு உட்பட்ட நன்னடத்தை. நண்பரின் மனம் நோகுமே என்று ஒப்பமிட்டுவிடுவது அமெச்சூர் போட்டிகளில் எளிதாக நேர்ந்துவிடுவது. நேர்மையாக நடத்தல், பிறரை மதித்தல், மைதானத்தைப் பேணுதல் ஆகியவற்றை 1.2 ஆம் விதி ஒன்றாகவே வைத்திருக்கிறது. பிறரை மதித்தல் என்ற பெயரில் நேர்மையைத் தளர்த்திக்கொள்ள அந்த விதியில் இடமில்லை.

கிரீனில் பந்தின் இடத்தைக் குறிக்க வைக்கும் சிறு வில்லைக்கும் ஆங்கிலத்தில் இதே பெயர் வழங்குவதால், அதற்குப் "பந்துக்குறி" என்று தனிச்சொல் வைத்துக்கொண்டால் குழப்பம் தீரும். "பந்துக்குறியை எடுக்காமல் அடித்தால் ஓர் அபராத அடி" என்று கையேட்டில் எழுதும்போது இந்த வேறுபாடு மிகவும் தேவைப்படும்.

குழுமத்தார் இசைந்தால், சொற்பட்டியலில் இடவேண்டிய பதிவு இது: "அட்டைச் சான்றாளர்: அடிக்கணக்கு ஆட்டத்தில் ஓர் ஆட்டக்காரரின் குழிவாரி எண்ணிக்கைகளை அட்டையில் எழுதி, அவற்றுக்குச் சான்றளிப்பவர். மற்றோர் ஆட்டக்காரராகவோ போட்டிக் குழு ஏற்ற வேறொருவராகவோ இருக்கலாம்; இணையாட்டக்காரராக இருத்தல் ஆகாது. எண்ணிக்கையின் சரிமைக்கு ஆட்டக்காரரே பொறுப்பு." ஃபோர்பால் முறையில் ஓர் அணிக்கு ஒரே அட்டை என்பதால், எந்த எண்ணிக்கை எந்த ஆட்டக்காரருடையது என்பதும் அதில் தெளிவாகக் காட்டப்பட வேண்டும், அதற்குரிய வாசகத்தை அந்த முறைக்கான பகுதியை எழுதிவரும் நண்பர்கள் சேர்த்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்.