பால்சோற்று அரிசியும் நீத்துப்பெட்டியும்: கையைக் கடிக்காத சமையல், எங்கள் அனுபவம்

கெம்னிட்ஸ், ஜெர்மனி

2023 அக்டோபரில் முதுகலை படிக்க வந்தேன். ஈரோட்டில் இருந்தவரை எல்லோரும் 'செம்னிட்ஸ்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். இறங்கிய அன்றைக்கே 'கெம்னிட்ஸ்' என்று திருத்தினார்கள். அடுத்த திருத்தம் சமையலறையில் நடந்தது.

அம்மா ஐந்து லிட்டர் அலுமினிய குக்கரைத் துண்டில் சுற்றி, உள்ளே துவரம்பருப்பை நிரப்பிப் பெட்டியில் வைத்திருந்தார். விடுதியில் இருந்ததோ இண்டக்‌ஷன் அடுப்பு. காந்தம் ஒட்டாத பாத்திரத்தை அது திரும்பிக்கூடப் பார்க்காது. அவ்வளவு தூரம் பறந்து வந்த குக்கர் இன்றுவரை அரிசி டப்பாவாகத்தான் இருக்கிறது. கிளம்புகிறவர்கள் வாங்கும்போதே அடியில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். நெய்யையும் பால்கோவாவையும் நல்லவேளையாக ஊரிலேயே பெட்டியிலிருந்து எடுத்துவிட்டோம். வெளியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வரும் பயணிகள் பால் பொருட்களையும் இறைச்சியையும் கொண்டுவரத் தடை இருக்கிறது. அது தெரியாமல் வந்த என் நண்பனின் இரண்டு கிலோ நெய் விமான நிலையத்திலேயே நின்றுவிட்டது.

நான் வந்தது சனிக்கிழமை இரவு. மறுநாள் ஞாயிறு, ஒரு கடைகூடத் திறந்திருக்கவில்லை. இங்கே ஞாயிற்றுக்கிழமை கடை அடைப்பு சட்டப்படி நடப்பது. பெரிய ரயில் நிலையக் கடைகள் போல ஒன்றிரண்டு விதிவிலக்கு உண்டு என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. அன்று முழுக்க முறுக்கும் குழாய்த் தண்ணீரும்தான்.

அப்போது விசாவுக்காக முன்கூட்டியே பணம் போட்டு முடக்கி வைத்த வங்கிக் கணக்கிலிருந்து மாதம் 934 யூரோ கைக்கு வரும். (2024 செப்டம்பரில் அந்தத் தொகை 992 ஆனது.) வாடகையும் மருத்துவக் காப்பீடும் போக மிஞ்சுவதில்தான் சாப்பாடு. முதல் மாதம் ஆசியக் கடையே கதி என்று கிடந்தேன். முருங்கைக்காய், சின்ன வெங்காயம், சோனா மசூரி. சாப்பாட்டுக்கு மட்டும் இருநூறு யூரோவைத் தாண்டிவிட்டது.

அப்புறம் அந்தத் தாளிப்பு. ஒரு ராத்திரி காய்ந்த எண்ணெயில் நாலு வரமிளகாயைக் கிள்ளிப் போட்டேன், அவ்வளவுதான். புகை எச்சரிக்கைக் கருவி அலற, தளம் முழுக்க ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்து நின்றது. பக்கத்து அறைக்காரர் மட்டும் இருமிக்கொண்டே உள்ளே வந்து ஜன்னலைத் திறந்துவிட்டார். சிரியாவிலிருந்து வந்து படிப்பவர். "எதைக் கொளுத்தினாய்?" என்று கேட்டார். "ரசம்" என்றேன். அதற்கு மேல் எப்படி விளக்குவது?

மறுநாள் என் கதவைத் தட்டி ஒரு தட்டு கொடுத்தார். அரிசியையும் பயறையும் சேர்த்து வேகவைத்து, கருகக் கருக வதக்கிய வெங்காயத்தை மேலே போட்டது. பெயர் முஜத்தரா. ஒரு வாய் வைத்ததும் எங்கள் பக்கத்து அரிசிம்பருப்புச் சாதம் நினைவுக்கு வந்துவிட்டது. அரைத் தட்டைக் காலி செய்த பிறகுதான் நன்றி சொன்னேன். பயறு எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டால், தெருமுனை மலிவுக் கடையைக் காட்டுகிறார். நான் பால் வாங்க மட்டும் போய்க்கொண்டிருந்த கடை!

அடுத்த நாள் அவரையே கூட்டிக்கொண்டு போய் ஒவ்வொரு அலமாரியாகப் பார்த்தேன். 'ரோட்ட லின்சன்' என்று பொட்டலத்தில் இருப்பது வேறொன்றுமில்லை, நம் மைசூர்ப் பருப்பு. ஊறவைக்க வேண்டாம், குக்கர் வேண்டாம், பதினைந்து நிமிடத்தில் குழைந்துவிடும். இனிப்புப் பால்சோறு செய்ய இவர்கள் வாங்கும் 'மில்ஷ்ரைஸ்' குட்டையான, குழைகிற அரிசி. சாம்பார் சாதத்துக்கும் தயிர் சாதத்துக்கும் பாசுமதியைவிட நூறு மடங்கு மேல். பாசுமதித் தயிர் சாதம் என்பது தயிரில் மிதக்கும் குச்சி, வேறென்ன. ரவையில்தான் ஏமாந்தேன். 'வைஷ்வைட்ஸன் கிரீஸ்' என்பதை வாங்கிக் கிண்டினால் பசை, போஸ்டர் ஒட்டலாம். 'ஹார்ட்வைட்ஸன்' என்று போட்டிருப்பது கெட்டிக் கோதுமை ரவை, உப்புமா அதில்தான் உதிரியாக வரும். உறைந்த பசலைக்கீரை ஒரு கிலோ இரண்டு யூரோவுக்குள் கிடைத்தது. பருப்போடு போட்டால் கீரைக் கூட்டு, கழுவி ஆயும் வேலை கிடையாது. 'புட்டர்மில்ஷ்' கெட்டி மோர், கொஞ்சம் கடலைமாவு கரைத்தால் மோர்க்குழம்பு.

ஊரிலிருந்து வர வேண்டியது சாம்பார் பொடி, பெருங்காயம், புளி. போதும். மூன்றாம் மாதம் சாப்பாட்டுச் செலவு 115 யூரோ. முருங்கைக்காய் பிறந்தநாளுக்கு மட்டும்.

*

கவென்ட்ரி, இங்கிலாந்து

தம்பி சொன்னது எல்லாம் சரி. ஆனால் மலிவு என்றதும் நான் போய் விழுந்த குழியையும் சொல்லிவிடுகிறேன். பழைய சாமான் விற்கும் சாரிட்டி கடையில் ஆறு பவுண்டுக்கு ஒரு பழைய ஸ்லோ குக்கர் கிடைத்தது. காலையில் போட்டுவிட்டு வகுப்புக்குப் போனால் சாயங்காலம் தயார் என்று ஒரே சந்தோஷம். ராத்திரி ஊறவைத்த ராஜ்மாவை அப்படியே அதில் போட்டுவிட்டுப் போனேன். சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் ஆரம்பித்த வாந்தி விடிகிற வரை நிற்கவில்லை. அறைத்தோழன்தான் பாவம், வாளியும் கையுமாக உட்கார்ந்திருந்தான்.

கெட்டுப்போன சாமான் என்றுதான் நினைத்தேன். பிறகுதான் விஷயம் புரிந்தது. வேகாத ராஜ்மாவில் இயற்கையாகவே லெக்டின் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது. நன்றாகக் கொதித்தால்தான் அது அழியும். ஸ்லோ குக்கரின் மிதமான சூட்டில் பயறு மெத்தென்று ஆகலாம், நச்சு போகாது. ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது பத்து நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்ட பிறகு எதில் வேண்டுமானாலும் போடுங்கள். டின்னில் வருவது ஏற்கெனவே வெந்தது, பயமில்லை.

மற்றபடி இந்த ஊரில் பிழைக்கும் வழி ஒன்றுதான். கடை மூடும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் போய் விலையைக் குறைத்து மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிய ரொட்டியையும் காளானையும் அள்ளிக்கொண்டு வருவது. எந்தக் கடையில் எத்தனை மணிக்கு ஒட்டுவார்கள் என்பதை சீனியர்கள் பரீட்சை வினாத்தாள் மாதிரி ரகசியமாக வைத்திருப்பார்கள். நானும் சொல்ல மாட்டேன்.

*

பாரிஸ், பிரான்ஸ்

நான் யாழ்ப்பாணம். இங்கே எனக்கு லா ஷப்பெல் பக்கத்திலேயே எங்கள் ஆட்களின் கடைகள் இருக்கின்றன. ஒடியல் மாவிலிருந்து (காய்ந்த பனங்கிழங்கு மா) வல்லாரை வரை எல்லாம் வாங்கலாம், காசிருந்தால். அதனால் மத்தியானம் நான் சமைப்பதே இல்லை. பல்கலைக்கழக உணவகத்தில் 2025-இல் மாணவர் விலை 3.30 யூரோவாக இருந்தது. நாள் முழுக்கத் தாங்கும்படி அங்கே சாப்பிட்டுவிடுவேன். அந்த விலைக்கு நான் சமைத்தால் கேஸும் நேரமும்தான் நட்டம். சமையல் என்றால் இரவுக்கு மட்டும்.

இரவுக்கு வாரத்தில் நாலு நாள் புட்டு. சிரிக்காதீர்கள். இந்த நாட்டில் கோதுமை மாவைப் போல மலிவான பொருள் கிடையாது. மாவைத் துணியில் முடிந்து ஆவியில் அவித்து, சூடு ஆறுவதற்குள் கட்டியை உடைத்து அரித்து வைத்துவிட்டால் ஒரு வாரத்துக்குக் காணும். வேண்டிய நேரம் உப்புப் போட்டுச் சுடுதண்ணீர் தெளித்துக் குழைத்து, கொத்தி, மறுபடி அவிப்பது. தேங்காய்ப்பூவுக்கு (துருவிய தேங்காய்தான்) கேக் சாமான் விற்கிற அலமாரியில் உலர்ந்த தேங்காய்த்தூள் இருக்கும். கொஞ்சம் இளஞ்சூட்டுத் தண்ணீர் தெளித்துக் கால் மணி நேரம் வைத்தால் போதும். சொதிக்கு ஒரு டின் தேங்காய்ப்பாலில் பாதி, மீதியை ஐஸ் கட்டி அச்சில் ஊற்றி உறையவைத்துவிடுவேன்.

புட்டு அவிக்க அம்மம்மா தந்துவிட்ட நீத்துப்பெட்டி ஒன்று இருக்கிறது. பொதுச் சமையலறையில் பானையின் மேல் பனை ஓலைக் கூம்பைக் கவிழ்க்காமல் நிறுத்தி வைத்து நான் அவிப்பதை ஒரு பிரெஞ்சுப் பிள்ளை தினமும் பார்த்துக்கொண்டிருந்தாள். தொப்பி என்று நினைத்தாளாம். ஒரு நாள் பக்கத்தில் வந்து நின்றாள், புட்டும் சொதியும் கொடுத்தேன். "குஸ்குஸ்!" என்றாள். மறுக்க மனம் வரவில்லை, அதுவும் மாவைத் தண்ணீர் தெளித்து உருட்டி ஆவியில் அவிப்பதுதானே. இப்போது மா அவள் வாங்குகிறாள், அவிப்பது நான்.

கெம்னிட்ஸ் அண்ணாவுக்கு ஒரு கேள்வி: உங்கள் ரவையில் புட்டு அவித்துப் பார்த்தீர்களா?

*

கெம்னிட்ஸ், ஜெர்மனி

பார்த்தேன் தங்கச்சி. ஹார்ட்வைட்ஸனை வறுத்துவிட்டு அவித்தால் நன்றாகவே வருகிறது. நீத்துப்பெட்டி இல்லாததால் வடிகட்டியில் துணி விரித்து, மேலே குக்கர் மூடியைக் கவிழ்த்து வைத்தேன். அம்மாவிடம் குக்கர் பயன்படுகிறது என்று சொல்லியாயிற்று.