ஒன்பதாவது ஆனர்ஸ் இங்கிலீஷ்: உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

நியூஜெர்சி அம்மா:
இங்கே அமெரிக்கப் பள்ளியில் பிள்ளைக்கு ஆனர்ஸ், அதாவது சாதாரண வகுப்பைவிடக் கடினமான வகுப்பு, போடலாமா வேண்டாமா என்று நிறைய பேர் கேட்கிறீர்கள். போடுங்கள், போடாமல் இருங்கள், எனக்கு அதில் ஒன்றும் இல்லை. ஒரு விஷயத்தை மட்டும் இறக்கி வைக்க வேண்டும்.

போன வருடம் மகள் ஒன்பதாவது. ரோமியோ ஜூலியட் முடித்ததும் முதல் பெரிய கட்டுரை. நான் ஊரில் பன்னிரண்டாவதில் இங்கிலீஷில் பள்ளியிலேயே முதல் மார்க். அந்தத் திமிர் போகுமா? ராத்திரி அவள் பல் தேய்க்கப் போன நேரத்தில் லேப்டாப்பை இழுத்து, முன்னுரைக்குக் கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். விதி, இளமை, காதல் மூன்றையும் கோத்து. நன்றாகத்தான் இருந்தது.

78 வந்தது. ஓரத்தில் மூன்று இடங்களில் பென்சிலால் ‘அதனால் என்ன?’ என்று எழுதியிருந்தது, வேறு ஒன்றும் இல்லை. கதையைச் சொல்லியிருக்கிறாள், எதையும் வாதிடவில்லை என்று அர்த்தமாம். டீச்சரைப் பார்க்கப் போனோம். அவர் தாளை என் பக்கம் திருப்பி, சரியாக என் வரியின் மேல் பென்சில் நுனியை வைத்தார். “இங்கே மட்டும் வேறு யாரோ பேசுகிறார்கள்” என்றார். குரலில் கோபம்கூட இல்லை. மகள் குனிந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தாள். அது ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது. நான் வாயே திறக்கவில்லை.

டெக்சாஸ் அப்பா:
உங்களுக்காவது பென்சில் பிடித்துச் சொல்லும் டீச்சர். எங்களுக்கு வாய்த்தது சாக்ரடிக் செமினார், பிள்ளைகளே பேசி விவாதிக்கிற வகுப்பு. உள்வட்டம், வெளிவட்டம் என்று பிள்ளைகள் உட்காருவார்கள். டீச்சர் பேசமாட்டார், யார் பேசுகிறார்கள் என்று டிக் போட்டுக்கொண்டே இருப்பார். என் மகன் முந்தின நாள் மஞ்சள் ஒட்டுத்தாளில் மூன்று பாயிண்ட் எழுதிக்கொண்டு போனான். முதலாவதை எதிரில் இருந்த பெண் சொல்லிவிட்டாள். இரண்டாவது, மூன்றாவது, எல்லாம் போயிற்று. கடைசிவரை ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தத் தாள் துணி துவைக்கும்போது பேன்ட் பையில் உருண்டையாகக் கிடைத்தது.

வீட்டில் கூச்சல் போட்டது நான்தான், மறைக்க மாட்டேன். இங்கே ரேங்க் முக்கியம். 1997-ல் வந்த சட்டப்படி பள்ளியில் முதல் 10 சதவீதத்துக்குள் வந்தால் அரசுப் பல்கலைக்கழகங்களில் நேரடி இடம். ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் மட்டும் அது சுருங்கிக்கொண்டே வந்து, 2026 முதல் 5 சதவீதம். ஆனர்ஸுக்கு ஜி.பி.ஏ.வில், அதாவது மார்க் சராசரியில், கூடுதல் எடை என்பதால்தான் சேர்த்தேன். வாயைத் திறந்தால்தான் மார்க் என்று யார் கண்டது?

பழைய மாணவி:
நான் பதினாலு வயதில் திருநெல்வேலியிலிருந்து வந்தவள். எனக்குப் பேசுவதுகூடப் பெரிதாக இல்லை, அனொடேஷன்தான். படிக்கும்போதே புத்தகத்தின் ஓரத்தில் எழுத வேண்டும், அதற்கும் மார்க். புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற வீட்டில் வளர்ந்தவளிடம் போய் இதைச் சொன்னால்? கோடு போட்டேன், ஆனால் அழித்தால் தடமே தெரியாத அளவுக்கு மெலிதாக. டீச்சர் என் புத்தகத்தை வாங்கி ஜன்னல் பக்கம் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். பிறகு, படிக்கவே இல்லையா என்று கேட்டார். மூன்று தடவை படித்திருந்தேன். அதைச் சொல்ல இங்கிலீஷ் வரவில்லை, அழுகைதான் வந்தது.

அப்புறம் ஒட்டுத்தாளில் எழுதி ஒட்ட அனுமதி கொடுத்தார். இன்றுவரை என் புத்தகங்களில் மை கிடையாது.

அனுபவஸ்தன்:
எல்லோரும் கண்ணீர் விடுகிறீர்கள். டெக்சாஸ்காரர் ரேங்க் கணக்கில் பிள்ளையைத் தள்ளியிருக்கிறார், அது தப்பு. ஆனர்ஸ் வேறு, ஏ.பி. (பள்ளியிலேயே படிக்கும் கல்லூரி அளவுப் பாடம்) வேறு. பெரும்பாலும் ஒன்பது, பத்தில் ஆனர்ஸ், பதினொன்றில் ஏ.பி. லாங்குவேஜ், பன்னிரண்டில் ஏ.பி. லிட்டரேச்சர். லாங்குவேஜ் பரீட்சை மே மாதம். மூன்று கட்டுரை, வாசிக்கும் நேரமும் சேர்த்து 2 மணி 15 நிமிடம். ஒவ்வொன்றுக்கும் 6 புள்ளி: தீசிஸுக்கு (கட்டுரையின் மைய வாதம்) 1, ஆதாரமும் விளக்கமும் சேர்ந்து 4, நயத்துக்கு 1. இந்த 4-ஐத்தான் நம் பிள்ளைகள் விடுகிறார்கள். மேற்கோளைத் தூக்கி வைத்துவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுவார்கள். மேற்கோள் ஒரு வரி என்றால் விளக்கம் இரண்டு வரியாவது வேண்டும். ஒன்பதாவதிலேயே இதைப் பழக்குங்கள். ரூப்ரிக்கை, அதாவது எதற்கு எவ்வளவு மார்க் என்ற பட்டியலை, முதல் வாரமே அச்செடுத்து ஃப்ரிட்ஜில் ஒட்டுங்கள். கோடை விடுமுறைக்குக் கொடுக்கும் நாவலை ஆகஸ்ட் கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள், ஜூலையில் ஒருமுறை, பள்ளி திறக்குமுன் ஒருமுறை. சுருக்கம் போடும் இணையதளங்களை டீச்சர்களும் படித்திருப்பார்கள். தினமும் இருபது பக்கம், டைமர் வைத்து. எழுதியதை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள், மூச்சு முட்டுகிற இடத்தில் வாக்கியத்தை வெட்டுங்கள்.

என் கதை? சின்னவன் கிரேட் கேட்ஸ்பி நாவலைப் படிக்காமல் 2013-ல் வந்த படத்தைப் பார்த்துவிட்டு, கதைசொல்லி மருத்துவமனையில் இருந்தபடி எழுதுகிறான் என்று கட்டுரை எழுதினான். 1925-ல் வந்த நாவலில் அவன் அப்படி மருத்துவமனையில் இருந்து எழுதுவதே கிடையாது. டீச்சர் அந்த இடத்தில் ஒரு சினிமா டிக்கெட் படம் வரைந்து அனுப்பினார்.

டெக்சாஸ் அப்பா:
தப்பு என்று சொல்ல நீங்கள் யார் சார்? உங்கள் பையன் படம் பார்த்து எழுதியதற்கு என்னிடம் டைமர் கணக்கா? நான் அறிவுரை கேட்கவில்லை. அந்த மஞ்சள் உருண்டையைப் பற்றிச் சொல்ல வந்தேன். பழைய மாணவி, ஒன்று மட்டும் சொல்லுங்கள்: பேச்சு எப்போது வந்தது உங்களுக்கு?

பழைய மாணவி:
உடனே வரவில்லை அண்ணா. முதலில் சொல்கிறவர் ஆக முடியாது என்று தெரிந்துவிட்டது. ஜனவரி வாக்கில், யாராவது சொன்னதைப் பிடித்து “நீ சொன்னது சரி, ஆனால் அந்தப் பக்கத்தில் வேறு மாதிரி இருக்கிறதே” என்று ஆரம்பிக்கக் கற்றுக்கொண்டேன். அதற்கும் டிக் உண்டு. தம்பியிடம் சொல்லிப் பாருங்கள். அவன் பாயிண்ட்டை வேறு யாராவது சொன்னால் நல்லதுதான்.

நியூஜெர்சி அம்மா:
அனுபவஸ்தன் சார், ஃப்ரிட்ஜ் ஏற்கெனவே நிறைந்துவிட்டது.

திருத்தி எழுத ஒரு வாய்ப்புக் கொடுத்தார்கள், அதைச் சொல்ல விட்டுப்போயிற்று. மகள் முதல் வேலையாக என் வரியை அழித்தாள், என் கண்முன்னாலேயே, ஒவ்வொரு எழுத்தாக. அந்த இடத்தில், நாடகத்தில் வரும் பாதிரியார் நல்லது நினைத்துச் செய்த அவசரம்தான் இரண்டு பேரையும் கொன்றது என்று ஒன்று எழுதினாள். 88 வந்தது. என் வரி மோசமில்லை, இப்போதும் சொல்கிறேன்.