அம்மாகிட்ட டாக்டர் கேட்டா அண்ணன் பதில் சொல்றான், என்ன பண்றது?

அல்சூர்வாசி:
அம்மாவுக்கு ரொம்ப வருஷமா சுகர், மெட்ஃபார்மின் போடறாங்க. கன்னடம் ஓரளவுக்கு வரும், ஆனா டாக்டர் பேசற வேகத்துக்கு பிடிபடாது, அதனால அண்ணன்தான் கூட போவான். நல்லா பாத்துக்கறான், அதுல குறையே இல்ல. ஆனா "எப்படிம்மா இருக்கீங்க"ன்னு கேட்டா அம்மா வாயத் திறக்கறதுக்குள்ள "பரவால்ல சார், டெய்லி நடக்கறாங்க சார்"னு இவனே முடிச்சிடறான். ராத்திரி அடிக்கடி எந்திரிச்சு பாத்ரூம் போறாங்க, கீழ அரிப்பு வேற, இதெல்லாம் பையன் முன்னாடி எப்படி சொல்வாங்க, எங்கிட்டதான் சொல்றாங்க. இதுக்கு நடுவுல சொந்தக்காரங்க வாட்ஸப் குரூப்ல மெட்ஃபார்மின் போட்டா கிட்னி போயிடும்னு ஒரு வீடியோ, அத பாத்ததுலேர்ந்து ராத்திரி மாத்திரைய நிறுத்திட்டாங்க. டாக்டருக்கு தெரியாது. ஹெச்பிஏ1சி (மூணு மாச சராசரி சுகர்) ஏறியிருக்குன்னு இன்னொரு மாத்திரை சேத்து எழுதிட்டார்! அண்ணன் மனசு நோகாம இத எப்படி சரி பண்றது?

ஓபிடி நர்ஸ்:
மொதல்ல அடுத்த செக்கப் வரைக்கும் காத்திருக்காதீங்க, மாத்திரை விட்டத இப்பவே டாக்டருக்கு சொல்லுங்க. சேத்தது க்ளிமிப்ரைடா இருந்து, அம்மா திடீர்னு எல்லாத்தையும் ஒழுங்கா போட ஆரம்பிச்சா சுகர் ரொம்ப இறங்கிடலாம். டாபாக்ளிஃப்ளோசின் வகைன்னா யூரின்ல சுகர் போறதால அரிப்பு, பூஞ்சை தொந்தரவு அதிகமாகலாம், அதனால அரிப்ப மறைக்கவே கூடாது. கிட்னி விஷயம், மெட்ஃபார்மின் கிட்னிய கெடுக்கறதில்ல. அது கிட்னி வழியாதான் வெளிய போகுது, கிட்னி ரொம்ப வீக்கானா உடம்புல தங்கிடும், அதான் இஜிஎஃப்ஆர் (கிட்னி எவ்வளவு வடிகட்டுதுன்னு காட்டற அளவு) 30க்கு கீழ போனா நிறுத்துவாங்க. கிட்னி கெட்டவங்களுக்கு நிறுத்தறத பாத்துட்டு மாத்திரைதான் கெடுத்துச்சுன்னு ஜனங்க சொல்றாங்க. கிட்னி எப்படி இருக்குன்னு காட்டற கிரியேட்டினின் ரிப்போர்ட் ஃபைல்லயே இருக்கும், அம்மாவுக்கு காட்டி சொல்லச் சொல்லுங்க, டாக்டர் வாயால கேட்டாதான் பயம் போகும்.

விவேக்நகர்காரன்:
2017ல பிஎம்ஜே ஓப்பன்ங்கற மருத்துவ இதழ்ல ஒரு ஆய்வு வந்துச்சு, டாக்டர் ஒதுக்கற நேரம் ஸ்வீடன்ல ஒரு பேஷன்டுக்கு 22 நிமிஷத்துக்கு மேல, நம்ம நாட்டுல சுமார் 2 நிமிஷம். அந்த நேரத்துல யார் முந்திக்கறாங்களோ அவங்க பேச்சுதான் சீட்டுல ஏறும். அம்மா சொல்லச் சொல்ல தமிழ்ல ஒரு பேப்பர்ல எழுதிக்குங்க, வெக்கமான விஷயத்த மொதல் வரியில போடுங்க. அப்புறம் "யூடியூப்ல இப்படி போட்டிருக்கே"ன்னு ஆரம்பிச்சா டாக்டர் மூஞ்சி மாறிடும், "இந்த பயத்துல அம்மா மாத்திரைய விட்டுட்டாங்க"ன்னு சொன்னா கட்டாயம் காது குடுப்பாரு.

கம்மனஹள்ளி:
அண்ணன வரவேணாம்னு மட்டும் சொல்லிடாதீங்க. டோஸ், அடுத்த டெஸ்ட் எல்லாம் ஞாபகம் வெச்சுக்க ஒரு ஆள் வேணும், பெரியவங்க பாதிய வெளிய வர்றதுக்குள்ள மறந்துடுவாங்க. நீங்களும் கூட போங்க. மொதல்ல அம்மாவும் நீங்களும் உள்ள போய் பேசுங்க, மருந்து எழுதறப்ப அண்ணன கூப்பிடுங்க. டோக்கன் போடறப்பவே சிஸ்டர்கிட்ட சொல்லி வெச்சா அவங்களே ஏற்பாடு பண்ணுவாங்க.

அல்சூர்வாசி:
ரொம்ப நன்றி. சீட்ட பாத்தேன், க்ளிமிப்ரைடுதான் சேத்திருக்கார். காலையில கிளினிக்குக்கு போன் பண்றேன். குரூப்ல வீடியோ போட்ட சித்திக்கும் கிட்னி விஷயத்த எடுத்துச் சொல்லணும், அவங்களும் சுகர் பேஷன்ட்தான்.

ஓபிடி நர்ஸ்:
சித்தி மாத்திரை போடறாங்களா விட்டுட்டாங்களான்னு மொதல்ல கேளுங்கம்மா.